கணினியில் புதிய விசைப்பலகை வகுக்கும் முறை

தமிழெண்களைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வினாத்தாள் ஒன்றைக் கணினியில் அடிக்கத் தொடங்குகிறார் என்று கொள்வோம். ௧, ௨, ௩ என்னும் எண்களும், நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கும் ௳, ௴, ௵ என்னும் குறிகளும் அவருக்கு வேண்டும். விசைப்பலகையில் எங்குத் தேடினும் அவை அகப்படுவதில்லை. முடிவில், எங்கிருந்தோ ஒவ்வொன்றாகப் படியெடுத்து ஒட்டுகிறார். அல்லது அந்த வினாவையே விட்டுவிடுகிறார். அடிப்பதற்கு அரிதான எழுத்து நாளடைவில் எழுதுவதற்கும் அரிதாகிவிடும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

இக்குறையைத் தீர்க்க, பொறி செய்யும் நிறுவனத்தையோ மென்பொருள் விற்கும் நிறுவனத்தையோ எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் விசைப்பலகை என்பது யாவரும் படிக்கத்தக்க, திருத்தத்தக்க எழுத்துக் கோப்பாகவே இருக்கிறது. அதை எழுதும் முறையும், அம்முறையால் எது இயலும், எது இயலாது என்பதும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

இரும்பில் வார்த்த பலகை

தட்டெழுத்துப் பொறியில் விசையும் எழுத்தும் பிரிக்க முடியாதவை. விசையை அழுத்தினால் அதனோடு பிணைக்கப்பட்ட கம்பி எழுந்து, முனையில் வார்க்கப்பட்ட எழுத்தைத் தாளில் பதிக்கும். எழுத்தின் இடத்தை மாற்ற வேண்டுமாயின் பொறியையே மாற்ற வேண்டும்.

இத்தகைய பொறியில் தமிழை அடக்குதல் எளிய செயலாக இருந்ததில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அமைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டில் பிறந்து, மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்கள் இதற்கு வழி கண்டார். எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தார். சில குறிகளுக்கு, அழுத்தினாலும் உருளை நகராத விசைகளை அமைத்தார். அதனால் குறியும் எழுத்தும் ஒரே இடத்தில் பதிந்தன. அவர் வகுத்த பலகையைக் கொண்ட பொறிகள் செருமனியில் செய்யப்பட்டு வந்தன. ஒரு பலகையை வகுக்க அன்று அறிவு மட்டும் போதவில்லை. கடல் கடந்த தொழிற்சாலையும் வேண்டியிருந்தது.

விசை அனுப்புவது எண்ணே

கணினியின் விசைப்பலகை தோற்றத்தில் தட்டெழுத்துப் பொறியைப் போன்றதாயினும், இயல்பில் வேறானது. அதன் விசை எந்த எழுத்தையும் அறியாது. விசைமேல் 'கியூ' என்று அச்சிட்டிருப்பது மனிதர் கண்ணுக்கு மட்டுமே. அதை அழுத்தினால், "இன்ன விசை அழுத்தப்பட்டது" என்னும் செய்தி ஓர் எண்ணாகச் செல்கிறது. லினக்ஸின் கருவகம் கியூ விசைக்கு 16 என்னும் எண்ணை வைத்திருக்கிறது. எக்ஸ் என்னும் சாளர முறைமை 8க்குக் குறைந்த எண்களை விசைகளுக்கு வழங்குவதில்லை. ஆதலால் எட்டைக் கூட்டி 24 என்று கொள்கிறது. இந்த 24 எந்த எழுத்தாக வேண்டும் என்பதை ஓர் அட்டவணை முடிவு செய்கிறது. அட்டவணையை மாற்றினால் பலகை மாறிவிடும்; பொறியைத் தொட வேண்டுவதில்லை.

அச்சுக்கோப்பவரின் எழுத்துப் பெட்டியை இதற்கு ஒப்பாகக் கூறலாம். பெட்டியின் அறைகள் அசையாதவை. எந்த அறையில் எந்த எழுத்தை இடுவது என்பது அச்சகத்தார் செய்துகொள்ளும் ஏற்பாடு.

அட்டவணையின் அமைப்பு

எக்ஸ் சாளர முறைமை 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. அதன் விசைப்பலகைப் பகுதி பின்னர் விரிவாக்கப்பட்டு 'எக்ஸ்கேபி' எனப் பெயர் பெற்றது. எக்சுக்குப் பின்வந்த வேலண்டு என்னும் முறையும் இதே வகை அட்டவணைகளையே பயன்படுத்துகிறது. ஆதலால் இதை ஒரு முறை கற்றவர் இரண்டிலும் பயன்பெறலாம்.

அட்டவணைகள் யாவும் எக்ஸ்கேபி என்னும் கோப்புறையில் உள்ளன. அதனுள் 'கீகோட்ஸ்' என்னும் பிரிவு விசை எண்களுக்குப் பெயரிடுகிறது. 'சிம்பல்ஸ்' என்னும் பிரிவு ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துகளை வழங்குகிறது. 'டைப்ஸ்' என்னும் பிரிவு ஷிப்ட் முதலிய துணைவிசைகளோடு சேரும்போது எந்த நிலை எழுத்து வரும் என்பதை வரையறுக்கிறது. 'ரூல்ஸ்' என்னும் பிரிவு இவற்றை இணைக்கும் விதிகளையும், பயனர் காணும் பட்டியலையும் தருகிறது. புதிய பலகை வகுப்பவருக்குப் பெரும்பாலும் சிம்பல்ஸ் ஒன்றே போதும்.

விசைகளுக்கு இட்ட பெயர்கள் அவற்றின் இடத்தைக் காட்டுவன. எண் வரிசை 'ஏஇ', அதன் கீழ்வரிசை 'ஏடி', நடு வரிசை 'ஏசி', அடி வரிசை 'ஏபி'. ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக 01, 02 என எண்ணப்படும். ஆகவே, 1 என்னும் விசை ஏஇ01. கியூ விசை ஏடி01. ஏ விசை ஏசி01. பெயர் இடத்தைப் பற்றியதே அன்றி எழுத்தைப் பற்றியதன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஒரு விசைக்கு நான்கு நிலைகள் வரை வழக்கமாக அமைக்கப்படும். தனியே அழுத்துவது முதல் நிலை. ஷிப்டோடு அழுத்துவது இரண்டாம் நிலை. வலப்புற ஆல்ட் விசையோடு அழுத்துவது மூன்றாம் நிலை. இரண்டும் சேர அழுத்துவது நான்காம் நிலை. ஆங்கிலப் பலகையில் பின்னிரண்டு நிலைகளும் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. தமிழெண்களுக்கு அந்த வெற்றிடமே போதும்.

தமிழெண் பலகை: ஓர் எடுத்துக்காட்டு

ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையில் ஓர் எண் உண்டு. அது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதப்படும். தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎப்எப் வரை இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ௧ முதல் ௯ வரையுள்ள எண்கள் 0பிஇ7 முதல் 0பிஇஎப் வரை அமைந்துள்ளன. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் குறிகளாகிய ௰, ௱, ௲ முறையே 0பிஎப்0, 0பிஎப்1, 0பிஎப்2. நாள், மாதம், ஆண்டுக் குறிகள் 0பிஎப்3, 0பிஎப்4, 0பிஎப்5. சுழியத்துக்கு உரிய 0பிஇ6 மட்டும் 2005ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. பழந்தமிழ் எண்முறையில் சுழியம் இல்லாமலே எண்கள் எழுதப்பட்டன. 1886 என்பதைப் பழைய முறையில் ௲௮௱௮௰௬ என்றும், இடமதிப்பு முறையில் ௧௮௮௬ என்றும் எழுதுவர். இரு முறைகளையும் கற்பிக்கும் ஆசிரியருக்கு இக்குறிகள் அனைத்தும் வேண்டும்.

பலகையை எழுதும் முறை வருமாறு. (கீழ்க்காணும் பெயர்கள் ஈண்டு ஒலி பற்றித் தமிழில் தரப்படுகின்றன, கோப்பினுள் அவை உரோமன் எழுத்திலேயே அமைதல் வேண்டும்.)

முதலாவது, கோப்புக்கு இடம் அமைத்தல். பயனரின் சொந்தக் கோப்புறையில், முற்றுப்புள்ளியில் தொடங்கும் 'கான்பிக்' என்னும் மறைவான கோப்புறை இருக்கும். அதனுள் 'எக்ஸ்கேபி', அதனுள் 'சிம்பல்ஸ்' எனக் கோப்புறைகளை அமைத்து, அங்கே 'கஸ்டம்' என்னும் பெயரில் ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இப்பெயர் பயனர் தாமே வகுக்கும் பலகைக்கென ஒதுக்கப்பட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. வேலண்டு முறையில் இவ்விடம் போதும். எக்ஸ் முறையில் இயங்கும் கணினியாயின், கோப்பைப் பொது எக்ஸ்கேபி கோப்புறையின் சிம்பல்ஸ் பிரிவில் வைக்க வேண்டும். அதற்கு மேலாளர் உரிமை தேவை.

இரண்டாவது, அடிப்படையை இரவல் பெறுதல். எல்லா விசைகளையும் புதிதாக எழுத வேண்டுவதில்லை. 'இன்குளூட்' என்னும் கட்டளையால் 'யுஎஸ்' கோப்பின் 'பேசிக்' பகுதியைச் சேர்த்துக்கொண்டால், ஆங்கிலப் பலகை முழுதும் வந்துவிடும். அதன்பின், மாற்ற விரும்பும் விசைகளை மட்டும் எழுதினால் போதும். பின்னே எழுதியது முன்னே வந்ததை நீக்கி நிற்கும்.

மூன்றாவது, விசைகளுக்கு எழுத்து வழங்குதல். 'கீ' என்னும் சொல், அதன்பின் கூர் அடைப்பினுள் விசையின் பெயர், அதன்பின் நெளிவு அடைப்பு, அதனுள் சதுர அடைப்பு என்பதே வரியின் அமைப்பு. சதுர அடைப்பினுள் நிலைகள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். ஏஇ01 விசைக்கு, '1' என்பது முதல் நிலை. வியப்புக் குறியின் ஆங்கிலப் பெயர் இரண்டாம் நிலை. யு0பிஇ7 மூன்றாம் நிலை. முதலில் நிற்கும் 'யு' பின்வருவது யூனிகோடு எண் என்பதைக் காட்டும். இவ்வாறே ஏஇ09 வரை ஒவ்வொன்றாக எழுதி, ஏஇ10க்குச் சுழியத்தைத் தர வேண்டும். நாளுக்கு டி விசையும் (ஏசி03), மாதத்துக்கு எம் விசையும் (ஏபி07), ஆண்டுக்கு ஒய் விசையும் (ஏடி06) நினைவுக்கு எளியன. பத்துக்கு டீ விசையும் (ஏடி05), நூற்றுக்கு எச் விசையும் (ஏசி06), ஆயிரத்துக்குக் கே விசையும் (ஏசி08) பொருந்தும்.

நான்காவது, மூன்றாம் நிலைக்கு வழி திறத்தல். 'லெவல்3' என்னும் கோப்பிலிருந்து, வலப்புற ஆல்டை நிலைமாற்றியாக்கும் பகுதியையும் இன்குளூட் கட்டளையால் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டால் எழுத்துகள் அட்டவணையில் இருந்தும் அவற்றை அடைய வழி இராது. புதிதாகப் பலகை வகுப்போர் செய்யும் பொதுவான பிழை இதுவே.

ஐந்தாவது, சோதித்தல். விசைக்கு எழுத்து வழங்கும் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் அரைப்புள்ளி இருத்தல் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அட்டவணை முழுவதும் தள்ளப்படும். 'எக்ஸ்கேபிசிஎல்ஐ' என்னும் கருவியைக் கொண்டு, பலகையை மாற்றாமலே அட்டவணை சரியாகத் தொகுக்கப்படுகிறதா என்று பார்க்கலாம். எக்ஸ் முறையில் 'செட்எக்ஸ்கேபிமேப்' என்னும் கட்டளை பலகையை அப்போதைக்கு மட்டும் மாற்றும். வெளியேறி மீண்டும் நுழைந்தால் பழைய பலகை திரும்பும். சோதனைக்கு ஏற்ற வழி இது. பிழையில்லை என்று கண்டபின், இயங்குதளத்தின் அமைப்புப் பட்டியலில் புதிய பலகையைத் தேர்ந்துகொள்ளலாம்.

அகராதியும் இலக்கணமும்

இவ்வளவு எளிதாயின், தமிழ் எழுத்துகள் அனைத்தையும் இம்முறையிலேயே வகுத்துவிடலாமே என்னும் வினா எழும். ஓரளவு வகுக்கலாம்; முற்றிலும் இயலாது. இதற்குரிய காரணம் தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும்.

எக்ஸ்கேபி அட்டவணை ஓர் அகராதியைப் போன்றது. ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டுமே அது கூறும். முன்னே எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் நினைவு அதற்கில்லை. தமிழெழுத்தோ புணர்ந்து வருவது. ககரமும் இகரமும் கூடிக் 'கி' ஆதல் வேண்டும். அகராதிக்குப் புணர்ச்சி தெரியாது; ககர விசையையும் இகர விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் 'கஇ' என்றே தரும்.

ஆகவே, அட்டவணை முறையில் உயிரெழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் வெவ்வேறாக வைக்க வேண்டும். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி 1, கிரந்த எழுத்துகளில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய 4, மொத்தம் 47. ஆங்கிலப் பலகையில் எழுத்து, எண், குறி ஆகியவற்றுக்கு உரிய விசைகளும் 47தான். எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் இடம் விட வேண்டுமாதலால், தமிழெழுத்துகளுட் பல ஷிப்ட் நிலைக்குச் செல்லும். இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1986ஆம் ஆண்டில் வகுத்த இன்ஸ்கிரிப்ட் பலகை உயிரையும் உயிர்க்குறியையும் இவ்வாறு தனித்தனியே வைப்பது. அது அட்டவணை முறைக்குப் பொருந்தி வருகிறது.

தமிழ்99 பலகையின் நெறி வேறு. தமிழ்க் கணினி அறிஞர்கள் 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டில் சென்னையிலும் கூடி ஆய்ந்தனர்; அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசு 1999ஆம் ஆண்டில் அப்பலகையை ஏற்றது. அதில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளை அழுத்தினால் 'அம்மா' என்று வரும்; இரட்டித்த மெய்யில் முதலதற்குப் புள்ளி தானே அமையும். ங, க என்று அடித்தால் 'ங்க' என்று மாறும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினம் வந்தால் புள்ளி தோன்றும் என்பது விதி. இலக்கண நூலார் கூறும் இனவெழுத்து முறையே இங்கு விசைப்பலகையின் விதியாக நிற்கிறது. ஆதலின் இதற்கு அகராதி போதாது, இலக்கணம் வேண்டும்.

அந்த இலக்கணத்தைத் தருவது உள்ளீட்டு முறை எனப்படும் மென்பொருள். சப்பானில் உருவான 'எம்17என்' என்னும் நூலகம் இதற்கென அமைந்தது. பன்மொழியாக்கம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து எம், ஈற்றெழுத்து என், இடையெழுத்துகள் பதினேழு, அதனால் இப்பெயர். ஐபஸ், எப்சிடிக்ஸ் ஆகிய மென்பொருள்களின் வழியாக இது இயங்கும். இதிலும் பலகை ஓர் எழுத்துக் கோப்பே. எந்த விசைத் தொடர் எந்த எழுத்தாக வேண்டும் என்பதை இணை இணையாக எழுதிச் செல்ல வேண்டும். முற்றுப்புள்ளியில் தொடங்கி நூலகத்தின் பெயரைத் தாங்கிய தனிக் கோப்புறை ஒன்றைப் பயனரின் இடத்தில் அமைத்து, அதில் கோப்பை வைத்தால், நூலகம் அதைப் படித்துக்கொள்ளும். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு, தட்டெழுத்து ஆகிய பலகைகள் அந்நூலகத்தோடு முன்னரே கிடைக்கின்றன. புதிது வகுக்க விரும்புவோர் அவற்றுள் ஒன்றைப் படியெடுத்துத் திருத்துதல் நன்று.

கைப்பழக்கத்தைக் காத்தல்

தட்டெழுத்துப் பொறியில் பல்லாண்டு பழகியவர்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் இன்றியமையாதது. பொறியில் 'கொ' என்று அடிக்க, முதலில் ஒற்றைக்கொம்பு, பின்பு ககரம், பின்பு கால் என்னும் முறையே பழக்கம். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. யூனிகோடோ ஒலி வரிசையைப் பின்பற்றுவது. ககரம் முதலில் நிற்க, ஒகரக் குறி பின்னே நிற்கும். பழைய பலகையை அட்டவணையாக மட்டும் எழுதினால், கொம்பு முன்னே சென்று நின்றுவிடும். எழுத்துப் பிழைபட்டுத் தோன்றுவதோடு, தேடலும் அகரவரிசைப்படுத்தலும் கெடும். உள்ளீட்டு முறையோ கொம்பை நினைவில் நிறுத்தி, மெய் வந்தபின் முறைப்படி இணைத்துத் தரும். விரல்களில் ஊறிய பழக்கத்தை விடாமலே புதிய கருவியில் பிழையின்றி எழுத இதனால் இயலுகிறது.

எனவே ஒரு பலகை வகுக்கப் புகுமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றே: ஒரு விசை எப்போதும் ஒரே எழுத்தைத் தருமா, முன்வந்ததைப் பொறுத்து மாறுமா? மாறாதாயின் அட்டவணை; மாறுமாயின் உள்ளீட்டு முறை.

மனத்திற் கொள்ள வேண்டுவன

பொதுக் கோப்புறையில் உள்ள பழைய கோப்புகளைத் திருத்துதல் நன்றன்று. இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அவை மேலெழுதப்பட்டு, உழைப்பு முழுதும் அழிந்துபோகும். தனிக் கோப்பில் எழுதி, ஒரு படியை வேறிடத்தில் பாதுகாப்பதே தக்கது.

புதிய பலகையோடு ஆங்கிலப் பலகையும் பட்டியலில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் ஆங்கில எழுத்தில் அமைந்திருக்க, பலகை தமிழ் ஒன்றாகவே இருந்துவிட்டால் கணினிக்குள் நுழைவதே அரிதாகிவிடும்.

எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் தோன்றினால் பலகையைக் குறை கூறலாகாது. பலகை தருவது எண். எண்ணுக்கு வடிவம் தருவது எழுத்துரு. ௳, ௴ போன்ற குறிகள் இல்லாத எழுத்துரு கட்டத்தையே காட்டும். எழுத்துருவை மாற்றினால் குறை நீங்கும்.

ஒருவர் வகுத்த பலகை பிறர்க்கும் பயன்படுமாயின், எக்ஸ்கேபி அட்டவணைகளைப் பேணும் பொதுத் தொகுப்புக்கு அதை அனுப்பலாம். ஏற்கப்பட்டால், பின்வரும் பதிப்புகளில் எல்லார் கணினியிலும் அது இடம்பெறும்.

முத்தையா அவர்களின் காலத்தில் தமிழுக்கு ஒரு பலகை கிடைக்க அயல்நாட்டுத் தொழிற்சாலையின் இசைவு வேண்டியிருந்தது. இன்று இருபது வரிகளைக் கொண்ட கோப்பு போதும். தமிழெண்ணைப் பாடநூலில் மட்டும் கண்டு மறக்கும் மாணவன், தன் விரலாலேயே ௧ என்றும் ௲ என்றும் அடித்துப் பழகுவானாயின், அவை அவனுக்குப் பழம்பொருளாகத் தோன்றா. அந்த இருபது வரிகளை எழுதும் பொறுப்பு தமிழைக் கற்பிப்பவரிடமே உள்ளது.